ராணிக்கு எந்த ஊர்ப் பேச்சு?

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டை, இளவரசன் வளரும்வரை அவன் சார்பில் ஆளும் ராணியின் வேடம் உனக்குக் கிடைத்திருப்பதாக நேற்று நீ சொன்னதைக் கேட்ட மகிழ்ச்சியில், அம்மா பீன்ஸ் கறியை அடிபிடிக்க விட்டுவிட்டாள். அடுத்து நீ கேட்ட கேள்விக்குத்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நம் சாட்ஸ்வொர்த் இங்கிலீஷை மறைத்துவிட்டு, லண்டன் பிரபுக்களைப்போலப் பேசிப் பழகவேண்டுமா என்று கேட்டாய்.

டிராகன் பறக்கும் கற்பனை நாட்டுக்குள் இங்கிலாந்து மட்டும் எப்படி நுழைந்தது என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை. 2018இல் வந்த 'பிளாக் பேந்தர்' படத்தில் வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசனாக நடித்த சாட்விக் போஸ்மன் அமெரிக்கர். அரசன் ஆங்கிலேய உச்சரிப்பில் பேசலாமே என்ற யோசனை எழுந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. எந்த ஐரோப்பியரும் கைப்பற்றாத நாடு என்று கதையே சொல்லும்போது, அதன் அரசன் மட்டும் அவர்களிடம் பேச்சுப் பழகியவன்போல எதற்காக ஒலிக்கவேண்டும் என்பதே அவருடைய வாதம்.

அந்த நாட்டுக்கு மொழி போனது நம் நாட்டிலிருந்துதான். 2016இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா' படத்தில் மூத்த அரசராக நடித்த ஜான் கானி, தம் தாய்மொழியான கோசாவில் பேச, அவருடைய மகனாக நடித்த போஸ்மனும் அதைக் கற்றுக்கொண்டு பேசினார். அதுவே பிறகு வகாண்டாவின் மொழியாக நிலைத்துவிட்டது. 1976இல், நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய ட்ரான்ஸ்கீயில் ஒரு நாடகம் நடித்ததற்காகச் சிறைவைக்கப்பட்டவர் அந்தக் கானி. 1943இல் பிறந்தவருக்கு வாக்குரிமை கிடைத்ததே 1994இல்தான். சொந்த நாட்டில் ஓட்டுப் போடக்கூட விடப்படாதவர் வந்து அரசராக நின்றபோது, அவர் எந்தக் குரலையும் கடன் வாங்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. இருபது வயதில், கோயில் திருவிழாவில் நம்மவர்கள் 'சிக்ஸ்ஃபுட்' என்று சொல்லும் தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டினேன். அப்போது எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வசனம் முழுவதையும் ஆங்கில எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கிரீடத்தின் நாடா தாடையை அறுக்க, திரையை விலக்கிக்கொண்டு வந்து, "என் குலம் வாழ்க" என்பதற்கு "வால்க" என்று முழங்கினேன். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் விடுவானா? என் பின்னால் போய்க் குனிந்து, மகாராஜாவின் வாலைத் தேடத் தொடங்கிவிட்டான். கூட்டம் உருண்டு சிரித்தது. எனக்கு மனப்பாடம் எல்லாம் பறந்துபோய், உன் ஆயா அடுப்படியிலிருந்து எங்களை அதட்டும் தமிழில், "யாருடா அங்கே சிரிக்கிறது?" என்று கத்தினேன். கூட்டம் அடங்கியது, முன்வரிசைக் குழந்தை ஒன்று அழுதேவிட்டது. விடியவிடிய ஆடியதில் நான் அரசனாக இருந்தது அந்த ஒரு வரியில்தான்.

உன் வேடத்துக்கு நெருங்கிய உறவு 'பாகுபலி'யின் சிவகாமி. ரம்யா கிருஷ்ணன் சிம்மாசனத்தில் அமர்ந்து இரண்டு குழந்தைகளுக்கும் பாலூட்டியபடியே இருவரில் தகுதியுள்ளவனுக்கே அரியணை என்று அறிவிக்கும் காட்சியை மறுபடி ஒருமுறை பார். கூட்டுக்குடும்பத்தில் சாவிக்கொத்து வைத்திருக்கும் பெரியம்மாவின் அதிகாரம்தான் அங்கே அரியணை ஏறியிருக்கிறது. அடுத்த பாகத்தில் அவள் பொய்யை நம்பிக் கொலைக்கு உத்தரவிடும்போதும் நாம் அவளை வெறுக்க முடியாமல் தவிப்பது, அப்படிப்பட்ட ஒருத்தியை நம் வீடுகளில் பார்த்திருப்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இயக்குநர் லண்டன் பேச்சுத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், சண்டை போடாமல் பேசிக்கொடு. வாடகை கட்டவேண்டும் அல்லவா? ஆனால் முதல் ஒத்திகையிலாவது உன் பேச்சிலேயே பேசிக் காட்டிவிட்டு, பிறகு அவரைக் கேள். சொல்லை விழுங்காமல் பேசு, அந்தக் கெட்ட பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது அரசவைக் காட்சியின் வசனத்தைக் கையில் வைத்துக்கொள். ஆயாவும் கேட்கவேண்டும் என்கிறாள். சத்தமாகப் பேசு, அவளுக்கு இப்போது இடது காது சரியாகக் கேட்பதில்லை.

அன்புடன்,
அப்பா