கொதிகலன் அறைப் புத்தகங்கள்

அன்புள்ள எல்லாருக்கும்,

மூடப்படும் என்றிருந்த நம் ஸ்காட்ஸ் மொழி (ஸ்காட்லாந்தின் சொந்த மொழிகளில் ஒன்று) வகுப்பு பிழைத்துக்கொண்டது. அதைத் தொடரலாம் என்ற கடிதம் நேற்று மாலை வந்தது. மூன்று முறை படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காவது முறையும் படித்தேன். இந்தக் குளிர்காலம் எப்படிக் கழிந்தது என்பது உங்களுக்கே தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம்.

கையெழுத்துத் திரட்டியவர்கள், ஹன்ட்லியிலிருந்தும் ஃபிரேசர்பரோவிலிருந்தும் எழுதிய பழைய மாணவர்கள், கூட்டத்துக்குக் கேக் சுட்டு வந்தவர்கள், பனியில் வழுக்கி விழுந்தும் வந்து சேர்ந்தவர் எல்லாருக்கும் என் நன்றி. ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு ஒருவருக்குத்தான். அவர் எங்கள் பள்ளியின் பராமரிப்பாளர். பெயரைப் போட்டால் என் வகுப்பறை ஹீட்டரை நிறுத்திவிடுவதாக மிரட்டியிருக்கிறார்.

பாடநூல்கள் எல்லாம் நவம்பரிலேயே குப்பைக்குப் போய்விட்டன என்று நினைத்திருந்தேன். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பேர்ன்ஸின் கவிதைகள், வடகிழக்குக் கதைகள், நானே தொகுத்துத் தைத்த சொற்பட்டியல் என நாற்பது பிரதிகள். நேற்று அவர் என்னைக் கொதிகலன் அறைக்கு அழைத்துப்போனார். குழாய்களுக்குப் பின்னால், ஈரம் படாத மூலையில், நாற்பதும் அடுக்கியிருந்தன.

அது மட்டுமல்ல. தேநீர் இடைவேளைகளில் அவற்றைப் படித்து, பென்சிலால் என் சொற்பட்டியலைத் திருத்தியும் இருக்கிறார்! 'ஸ்மர்' என்பதற்கு நான் 'மழை' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, 'சத்தமே கேட்காது, கோட்டு மட்டும் நனைந்திருக்கும்' என்று எழுதியிருக்கிறார். 'குவைன்' என்பதற்கு நான் எழுதியது 'இளம்பெண்'. அவர் அதன் பக்கத்தில் எழுதியது: 'எண்பது வயதிலும் என் அம்மா குவைன்தான்.'

நான் எடின்பரோவில் வளர்ந்தவள். ஸ்காட்லாந்தின் இந்த வடகிழக்குப் பகுதியில் பேசும் ஸ்காட்ஸ் வட்டார வழக்கான டோரிக்கைப் புத்தகத்தில் கற்று, முப்பத்தோரு ஆண்டுகளாக அதன் பிள்ளைகளுக்கே கற்பித்து வருகிறேன். பள்ளி இறுதியில் எழுதும் ஹையர் ஆங்கிலத் தேர்வில் ஸ்காட்லாந்துப் படைப்புகள் பற்றிய கேள்வி கட்டாயமாக வேண்டும் என்று வாதாடியவர்களில் நானும் ஒருத்தி. 2015 தேர்விலிருந்து அது வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முறையாக ஸ்காட்ஸ் பற்றிக் கேட்டபோது, பேசத் தெரியும் என்று 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொன்னதை எத்தனை கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன்! அந்த 15 லட்சத்தில் ஒருவர் தினமும் என் வகுப்பு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார்.

ஏன் என்று நேற்றுதான் கேட்டேன். டோரிக்கில் 'என்ன' என்பதற்கு 'ஃபிட்'. அவர் சிறுவனாகப் படித்த பள்ளியில், அந்த ஒரு சொல்லுக்காக உள்ளங்கையில் தோல்வாரால் அடி வாங்கியிருக்கிறார். "டீச்சர் முன்னால் ஒழுங்காகப் பேச வேண்டும் அல்லவா?" என்று சாதாரணமாகச் சொன்னார். அரசுப் பள்ளிகளில் அந்தத் தோல்வாருக்குத் தடை வந்தது 1987இல். ஸ்காட்லாந்தின் இன்னொரு சொந்த மொழியான கேலிக் மொழியையும் ஸ்காட்ஸையும் அதிகாரபூர்வ மொழிகளாக்கிய சட்டம் 2025இல் வந்தது. என் முன்னால் வாயைத் திறக்க அவருக்கு இவை இரண்டும் போதவில்லை. நான் ஒரு முறை கேட்டிருந்தால் போதியிருக்குமோ என்னவோ. என் பணிக்காலம் முழுவதும் அமைச்சர்களுக்கு மனு எழுதினேன். அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

இனி அந்தச் சொற்பட்டியலை அவர் திருத்தங்களோடுதான் அச்சிடுவேன். வகுப்பு மறுபடி தொடங்கும்போது முதல் பாடம் அவருடையது. வர ஒப்புக்கொண்டிருக்கிறார், குப்பை வண்டி வரும் நாளாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இன்று காலை வாசலில் என்னைப் பார்த்து முதன்முறையாக "ஃபிட் லைக்?", அதாவது 'எப்படி இருக்கிறீர்கள்?' என்றார். நானும் டோரிக்கிலேயே பதில் சொன்னேன். என் உச்சரிப்பைத் திருத்திவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்