பாப்பா எடுத்திருக்கும் முடிவு

அன்பு மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? மஞ்சளுக்கு மண் அணைத்தாகிவிட்டது, அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, நெட்டையன் புது வீடு கட்டிக் குடிபோனதிலிருந்து யார் போனையும் எடுப்பதில்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான், எழுத வந்தது வேறு.

உன் மருமகள், நம் பாப்பாவுக்குக் கேம்பஸில் வேலை கிடைத்தது தெரியுமல்லவா? போகமாட்டாளாம். மேல்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி, ஆராய்ச்சி முடித்து, பேராசிரியர் ஆக வேண்டுமாம். அதிலும் டேட்டாபேஸும் நிரல்மொழியும் (புரோகிராம் எழுதுகிற மொழி) சேருகிற இடத்தில்தான் வேலை செய்வேன் என்று ஒரே பிடிவாதம். உன் அக்காவுக்கு ராத்திரி தூக்கமில்லை. படித்து முடிக்கும்போது முப்பது ஆகிவிடும், அப்புறம் எப்போது கல்யாணம் என்கிறாள். வாத்தியார் உத்தியோகத்துக்கு இத்தனை படிப்பா என்று அப்பாரு கேட்கிறார்.

நான் பாப்பா பக்கம்தான். காரணத்தை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். அவள் படிக்கிற கட்டுரைகளில் பீட்டர் பியூன்மன் என்ற கணினி விஞ்ஞானியின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து நானும் வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன், விடமுடியவில்லை. மனுஷன் 1970இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டபர் சீமன் என்ற கணித மேதையிடம் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அப்போது ஆராய்ந்தது மூளையின் நினைவாற்றலை. பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம், 2002இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1979லேயே வினவலை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, கணிதச் சார்புகளாக (ஃபங்ஷன்) எழுதுகிற எஃப்கியூஎல் என்ற மொழியை ஃப்ராங்கல் என்பவரோடு சேர்ந்து வெளியிட்டுவிட்டார். நாம் ஜாவா நிரலுக்குள் மேற்கோள் குறி போட்டு டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லைத் திணித்துக்கொண்டு, ஓட்டிப் பார்த்தால்தான் தப்பு தெரியும் என்று கிடந்தோமே (உன் ராத்திரி ரெண்டு மணிக் கமாவை மறப்பேனா!), இரண்டு மொழிகளுக்கும் நடுவிலிருந்த அந்தப் பிளவை மூடப் பாடுபட்ட கூட்டத்தில் அவர் ஒருவர். 1987இல் மால்கம் அட்கின்சன் என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து அதைப் பற்றி நீளமாகவே எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்காதே. 1993இல் அமெரிக்க எரிசக்தித் துறை, மரபணுத் தரவை வைத்து இன்னின்ன கேள்விக்கெல்லாம் இப்போதைக்கு விடை கிடைக்காது என்று பட்டியல் போட்டது. தரவு பத்து இடத்தில் பத்து வடிவத்தில் கிடக்கிறது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி தட்டை அட்டவணையாக்கினால்தான் முடியும் என்று நினைத்தார்கள். பியூன்மனும் அவர் சகாக்களும் மாணவர்களும் நிரல்மொழிக்காரர்களின் காம்ப்ரிஹென்ஷன் என்கிற எழுத்துமுறையை (ஒரு தொகுப்பில் நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துப் புதுத் தொகுப்பு செய்வது) எடுத்து வினவல் மொழி செய்து, அந்தக் கேள்விகளுக்கு விடை எடுத்துக் காட்டினார்கள். சி ஷார்ப் நிரல்மொழியில், வினவலை மொழிக்குள்ளேயே எழுத 2007இல் வந்த லிங்க் வசதியும் அந்தச் சிந்தனை வழியில் வந்ததுதான். தினமும் அதில்தானே உனக்குச் சோறு!

பாப்பாவைப் பிடித்துக்கொண்டது இன்னொரு விஷயம். ஈரோடு, கோபி, பெருந்துறை மஞ்சள் விலைகளை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து ஒரே அட்டவணையில் சேர்த்தாள். ஒரு நாள் கணக்கில் விரலி விலை கிழங்கு விலைக்குக் கீழே நிற்கிறது. மண்டிக்காரர் பார்த்த உடனே இது தப்பு என்றுவிட்டார். அந்த எண் எங்கிருந்து வந்தது, நடுவில் யார் எடுத்துப் போட்டது என்று தேடினால் தடமே இல்லை. 2001இல் பியூன்மன், சஞ்சீவ் கன்னா, வாங்-சியூ டான் மூவரும் எழுதிய கட்டுரை சரியாக இதைத்தான் பேசுகிறது. விடையில் ஒரு வரி ஏன் வந்தது, எந்தெந்த மூல வரிகள் அதற்குச் சாட்சி என்பது ஒரு கேள்வி. அதில் இருக்கும் எண் எந்த மூல அட்டவணையின் எந்தக் கட்டத்திலிருந்து எடுத்தது என்பது வேறு கேள்வி. அதே விடையைத் தரும் வினவலைக் கொஞ்சம் மாற்றி எழுதினாலே இரண்டாவது கேள்விக்குப் பதில் மாறலாம். டேட்டாபேஸ் மட்டும் தெரிந்தவனுக்கோ, மொழி மட்டும் தெரிந்தவனுக்கோ இது பிடிபடாது, மாப்ளே. இரண்டும் தெரிய வேண்டும்.

எடின்பரோ போன பிறகு அந்த மனுஷன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், லாக் ஹூர்ன் என்ற கடற்கழிப் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு வயர்லெஸ் இணையம் கொண்டுபோகும் வேலையிலும் இறங்கியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குப் பர்கூர் மலைதான் ஞாபகம் வந்தது. பேராசிரியர் என்றால் இப்படியும் இருக்கலாம் என்று சொன்னதும் அப்பாரு நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வெள்ளைக்காரருக்குத் தோட்டம் உண்டா என்று கேட்டார்.

என் வெசனம் வேறு. கோடையில் பாப்பா பயிற்சிக்குப் போன ஒரு நிறுவனத்தில், இப்போதெல்லாம் ஏஐதான், டேட்டாபேஸில் ஆராய என்ன மிச்சம் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத தரவைக் கொட்டி இயந்திரத்துக்குப் பாடம் நடத்துகிற காலத்திலா இப்படிச் சொல்வது? எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நம்மூரில் டேட்டாபேஸ்காரர் ஓர் அறை, நிரல்மொழியை ஆராய்கிற கம்பைலர்காரர் ஓர் அறை என்றுதானே இருக்கிறது. நடுவில் நிற்கிற பிள்ளையை யார் மாணவியாக எடுப்பார்கள்? நல்ல வழிகாட்டி அமையாமல் நாலைந்து வருஷம் வீணானால் உன் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை பொழுதோட பாப்பாவுக்குப் போன் போடு. உற்சாகப்படுத்துகிறேன் என்று சும்மா பேசாதே, உதவித்தொகை எவ்வளவு, கம்பெனி ஆராய்ச்சிக்கூடங்களில் இந்தப் படிப்புக்கு இடம் உண்டா என்று உள்ளதை உள்ளபடி சொல். நம் சீனியர் அண்ணன் பம்பாயில் ஆராய்ச்சி முடித்தவர்தானே, அவர் நம்பரையும் வாங்கித் தாட்டிவிடு. அப்புறம் அக்காவிடம் தனியாகப் பேசு, கல்யாணப் பேச்சை நீ எடுக்காதே, அவளே எடுப்பாள். கேட் விண்ணப்பத்துக்கு இந்த மாதம்தான் கடைசி, தள்ளிப்போடாதே.

அன்புடன்,
உன் மச்சான்