ஃபாரம் 6

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. லிஃப்ட் இரண்டு நாளாக ஓடுகிறது, அதிசயம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு வார்த்தை சொன்னாய். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவனுக்கு ஏதுப்பா ஓட்டு?" அம்மா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றினேன். ஹைகோர்ட் எதிரே 30 வருஷம் டைப் அடித்தவன், பெத்த பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேனே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

உனக்கு ஓட்டு உண்டுடா. வெளியே வந்த அன்றிலிருந்தே உண்டு. 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5): சிறையிலோ போலீஸ் காவலிலோ இருக்கிறவன் ஓட்டுப் போடக் கூடாது. இருக்கிறவன்தான், இருந்தவன் இல்லை. தேர்தலில் நிற்பதற்குத்தான் வேறு கணக்கு. இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வாங்கினால், விடுதலையாகி ஆறு வருஷம் வரை நிற்க முடியாது. இதையும் அதையும் யாரோ உன்னிடம் குழப்பியிருக்கிறார்கள். நீ என்ன எம்.எல்.ஏ.வுக்கா நிற்கப் போகிறாய்?

தேர்தலில் லஞ்சம் கொடுப்பது மாதிரியான சில தேர்தல் குற்றங்களுக்குத் தண்டனை வாங்கினவனுக்கு மட்டும் ஓட்டே ஆறு வருஷம் போய்விடும். நம்ம ஊரில் அப்படி எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று நீயே யோசித்துக்கொள்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. 2021 ஏப்ரல் 6, ஓட்டுப் போடும் நாள். நீ புழல் ஜெயிலில் ரிமாண்டில் இருந்தாய், விசாரணையே தொடங்கவில்லை. பழைய வீட்டுப் பக்கத்துக் கார்ப்பரேஷன் பள்ளியில் வரிசையில் நின்றேன். எனக்கு நாலு பேர் முன்னால், உன் கேஸில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவன். ஒரே எஃப்.ஐ.ஆர்., ஒரே செக்‌ஷன். உனக்கும்தான் பெயில் ஆர்டர் ஆகியிருந்தது. அவனுக்கு ஷூரிட்டி போட, அதாவது ஜாமீன் நிற்க, சொந்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நமக்கு ஒருத்தரும் வரவில்லை. விரலில் மையோடு வெளியே வந்தவன் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அங்கிள்?" என்றான். வரிசையை விட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை.

1997-ல் உச்ச நீதிமன்றம், உள்ளே இருப்பவன் ஓட்டுப் போடக் கூடாது என்கிற தடை சரிதான் என்று சொல்லிவிட்டது. தன் நடத்தையால் உள்ளே போனவன் வெளியே இருப்பவனுக்குச் சமமாகக் கேட்க முடியாதாம். நடத்தையா, ஷூரிட்டியா? குண்டாஸில் உள்ளே இருப்பவனுக்குத் தபால் ஓட்டு உண்டு, அது தடுப்புக் காவல் என்பதால். 2024-ல் திகார் சிறையில் இருந்தபடியே ஒருத்தர் காஷ்மீரில் பாராமுல்லாவில் ஜெயித்து எம்.பி. ஆனார். உள்ளே இருந்து நிற்கலாம், போட முடியாது. டைப் அடிக்கும்போது இதையெல்லாம் யோசிக்கவே மாட்டேன்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் 2018-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு, தண்டனை முடித்தவர்களுக்கு, கொலை, பாலியல் குற்றம் தவிர, ஓட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே, அபராதமும் கோர்ட் கட்டணமும் கட்டித் தீர்த்தால்தான் என்று அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். உனக்கு அந்தத் தொல்லை இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிற ஃபாரம் 6-தான்.

ஜெயிலில் இருப்பதற்காகப் பட்டியலில் பெயரை எடுக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. நாம் பெரும்பாக்கத்துக்கு மாறியபோதுதான் உன் பெயர் விட்டுப்போனது. திருப்பூரில் தங்கியிருக்கிற ரூம் முகவரிக்கே எழுது, முகவரிக்குச் சான்றாக அந்த முகவரி உள்ள பேங்க் பாஸ்புக் நகல் போதும். நம்ம பூத்திலேயே போட வையுங்கள் என்கிறாள் அம்மா. குடியிருக்கிற ஊரில்தான் பதியணும் என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயில், கேஸ் பற்றி ஃபாரத்தில் ஒரு கேள்வியும் கிடையாது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

தெரிந்ததை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். போட்டோ புதிதாக எடு, ஷேவ் பண்ணிக்கொண்டு போ. கையெழுத்துப் போடும் இடத்தில், கோர்ட் பேப்பரில் வைப்பேனே அதுபோல, பென்சிலால் பெருக்கல் குறி வைத்திருக்கிறேன்.

அப்பா