மல்லிகாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா! மறக்காமல் சுற்றிப்போடு.

என் உடம்பைக் கேட்டிருந்தாய். அதே சீலியாக் நோய்தான், கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கிற வம்பு. ரத்தப் பரிசோதனை நார்மல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிறுதான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. சாப்பிட்டு எழுந்தால் உப்புசம். மத்தியானம் ஆனால் கை கால் ஓய்ந்துபோகிறது.

கோதுமையை அடியோடு விட்டும் ஏன் இப்படி என்று டாக்டரைக் குடைந்தேன். சீலியாக் உள்ள பலருக்கு இது உண்டாம். முதலில், தெரியாமல் உள்ளே போகும் குளூட்டனைத் தேடச் சொன்னார். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் மைதா! இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம்தான் வாங்குகிறேன்.

அடுத்து குடல் பாக்டீரியா. எங்களைப் போன்றவர்களுக்கு பிஃபிடோபாக்டீரியா மாதிரி நல்ல வகைகள் குறைவு என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். குறைந்ததால் நோயா, நோயால் குறைந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை. கூத்து என்னவென்றால், கோதுமையை விட்டாலும் அதுகள் குறையுமாம். கோதுமையில் இருக்கிற ஃப்ரக்டான் என்ற நார்ச்சத்து நமக்குச் செரிக்காது, பெருங்குடலில் அதுகளுக்குத்தான் தீனி. நான் பிழைக்க அதுகளைப் பட்டினி போடவேண்டியிருக்கிறது. வெங்காயம், பூண்டிலும் ஃப்ரக்டான் உண்டு, ஆனால் கொஞ்சம் கூடினால் அதுவே உப்புசம்.

நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரையை மருந்துக்கடைக்காரர் சர்வரோக நிவாரணி மாதிரி நீட்டுகிறார். சின்னச் சின்ன ஆய்வுகளில் சிலருக்குத் தொந்தரவு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு பரோட்டா சாப்பிட முடியாது. நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் குடல் அழற்சிக்குப் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அது வேறு நோய். ஆனாலும் எனக்குக் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் சுட்ட நெத்திலிக் கருவாடும் ஒத்துப்போகிறது. ருசிக்காகவே தொடர்கிறேன் என்று வைத்துக்கொள்ளேன்.

வயிற்றைவிடப் பெரிய பாடு மனுஷர்களோடுதான். 2016-ல் வந்த ஓர் ஆய்வின்படி வடக்கே 100 பேரில் ஒருவருக்கு மேல் இந்த நோய், தெற்கே 1,000 பேரில் ஒருவருக்கு. அதனால் இங்கே யாருக்கும் பெயர்கூடத் தெரியாது. "அரிசி தின்கிற ஊரில் உனக்கென்ன கஷ்டம்?" என்கிறார் நாத்தனார். கல்யாணப் பந்தியில் ரவா கேசரியை இலையில் வைத்துவிட்டு, "ஒரு வாய் சாப்பிட்டா செத்தா போயிடுவ?" என்றார். ஒரு வாயே குடலைப் புண்ணாக்கலாம் என்று பந்தியில் உட்கார்ந்து பாடம் எடுக்கவா முடியும்? அதனால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, மொய் வைக்க மட்டும் போகிறேன். பீச் ரோட்டில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடை வாசனைக்குத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அந்த நூடுல்ஸ் முழுக்க மைதா. அரிசி சேமியாவில் வீட்டில் செய்து பார்த்தேன். புளித்தண்ணியும் வறுத்த பூண்டும் சரியாக வந்தது, பிசையும்போது சேமியா குழைந்துவிட்டது.

பொங்கலுக்கு வரும்போது சோன்பப்டி வேண்டாம்டி, அதிலும் மைதா. ஆக்ரா பேட்டா வாங்கி வா. பூசணிக்காயும் சர்க்கரையும்தான், பயமில்லாமல் தின்னலாம்.

அன்புடன்,
கஸ்தூரி