தங்கச்சிமடத்தில் என் கையைப் பிடித்த அண்ணனுக்கு

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மறுநாள், இருக்கை வரை நனைந்திருந்த என் மீன் வண்டியைக் கிளப்பப் போனேன்.

"சாவியைத் திருப்பாதே தம்பி!" என்று ஓடிவந்து கையைப் பிடித்தீர்கள். தண்ணீர் புகுந்த என்ஜினை முடுக்கினால் உள்ளே தண்டு வளைந்துவிடும், அந்தச் சேதத்துக்குச் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் பணம் கிடைக்காது என்றீர்கள். எனக்கு இது தெரியவே தெரியாது.

என் கைப்பேசியை வாங்கி, தண்ணீர் ஏறிய உயரத்தைக் காட்டக் கதவில் படிந்திருந்த சேற்றுத் தடத்தை நீங்களே படமெடுத்தீர்கள். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு திருகைக்கூடக் கழற்றக்கூடாது என்று இரண்டு முறை சொன்னீர்கள். பட்டறைவரை இழுத்துவந்து விட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

இழப்பீடு வந்துவிட்டது, அண்ணே. வண்டி ஓடுகிறது. நீங்கள் கட்டிய நைலான் கயிறு என்னிடம்தான் இருக்கிறது. இதைப் பார்த்தால் வீட்டுக்கு வாருங்கள்.