மஞ்சள் லைக்கனும் கவாயி ஓஓவும்

அன்புள்ள சேகர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே, நீ மறக்கிற ஆள். இங்கே எல்லோரும் சுகம்.

உயிரினங்கள் அற்றுப்போவதைப் பற்றி, "தெம்புள்ளது பிழைக்கும், இல்லாதது போகும், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். எனக்கு அது ஒப்பவில்லை.

ஐரோப்பாவில் சுவர், கூரை, மரக்கிளை என்று எங்கும் மஞ்சளாகப் படரும் சாந்தோரியா பரியெட்டினா என்ற லைக்கனை எடுத்துக்கொள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். வெயிலில் அடர்மஞ்சள், நிழலில் வெளிறிய பச்சை. அந்த மஞ்சள் நிறமிதான் வெயிலுக்குக் காப்பு. வேடிக்கை என்னவென்றால், பூஞ்சையின் வித்தில் பாசி கிடையாது. விழுந்த இடத்தில் புதிதாகத் துணை தேட வேண்டும். அதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு: லைக்கனைத் தின்னும் துளியூண்டு உண்ணிகளின் எச்சத்தில் இரண்டுமே உயிரோடு வெளியே வருகின்றன!

அப்புறம் ஹவாயின் கவாயித் தீவில் இருந்த ஓஓ. கருநிறப் பறவை, தொடையில் மட்டும் மஞ்சள் இறகு. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும். கடைசி ஆணின் ஒலிப்பதிவைக் கேட்டேன். பாடுகிறது, நிறுத்துகிறது, மறுபடி பாடுகிறது. அந்த இடைவெளி பெண் பாட வேண்டிய இடம். 1982இல் ஈவா புயல் அடித்த பிறகு பெண்ணை யாரும் பார்க்கவில்லையாம். 1987க்குப் பிறகு ஆணின் குரலும் இல்லை. அதோடு அந்தப் பறவைக் குடும்பமே அற்றுப்போனது.

இதில் தெம்பு எங்கே வந்தது, சொல்? அந்தத் தீவுகளில் முன்பு கொசுவே கிடையாது. 1826 வாக்கில் கப்பல்காரர்களின் தண்ணீர்ப் பீப்பாயோடு வந்து இறங்கியது, பின்னாளில் பறவை மலேரியாவும் வந்தது. பார்த்தே இராத நோய்க்கு எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? எலி, பன்றி, காடழிப்பு வேறு. கொசு அவ்வளவாக ஏறாத அலக்காய் மேட்டுக்காட்டில் ஓஓ ஒண்டிக்கொண்டது. அங்கும் புயல் விடவில்லை.

லைக்கனுக்கோ பண்ணைகளிலிருந்து கிளம்பும் அமோனியா கொண்டாட்டம். அதே காற்றில் வேறு பல லைக்கன்கள் பட்டுப்போகின்றன, அவையும் காலங்காலமாகத் தாக்குப்பிடித்தவைதான். ஆக, தெம்பு என்று நீ சொல்வதில் பாதி, நாம் விடுகிற அழுக்கு யாருக்குத் தோதுப்படுகிறது என்பதுதான்.

மறுத்து எழுதுவாய் என்று தெரியும். அவசரமில்லை, கண் முழுக்க ஆறட்டும்.

அன்புடன்,
ரகு