மூலைத் தொட்டி வாங்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூலை மீன்தொட்டியின் படத்தைப் பார்த்தேன். வில்லாக வளைந்த அந்த முன்கண்ணாடி அழகுதான். பணம் கட்டுவதற்கு முன் டேப்பை எடுத்து உன் கையை ஒருமுறை அளந்துவிடு. பக்கம் 60 செ.மீ., உயரம் 45 செ.மீ. என்கிறாய். அப்படியானால் முன்விளிம்பிலிருந்து பின்மூலையின் அடிக்கு 75 செ.மீ. ஸ்டூல் போட்டுக் குனிந்தால்தான் எட்டும்.

நான் இதை யோசிக்காமல் பெரிய கல்லை மூலையிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு வாரமாகத் தண்ணீர் கலங்கியே கிடந்தது. ஃபில்டர்மேல் பழி போட்டு, அதைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிக் கழுவி, மீன் கழிவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியாவையும் கொன்றேன். கடைசியில் பார்த்தால் கல்லுக்குப் பின்னால் ஒரு மீன் செத்து, பஞ்சு பூத்துக் கிடக்கிறது.

அதனால் மூலையைக் காலியாக விடு. முன்னால் அகலமாகத் தொடங்கி மூலைக்குப் போகப்போகக் குறுகும் மணல் பாதை ஒன்று போடு. மணல் முன்னால் 3 செ.மீ. என்றால் பின்னால் 8 இருக்கட்டும். தொட்டி இன்னும் ஆழமாகத் தெரியும். கற்களைப் பாதைக்கு இரண்டு பக்கமும் வை, ஆனால் ஒரே அளவில் வேண்டாம், காவலுக்கு நிற்கிற மாதிரி இருக்கும். கல்லில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். அனுபியாஸ் செடியின் தண்டுக்கிழங்கை மணலில் புதைக்காதே, அழுகிவிடும். நூலால் கட்டையில் கட்டினால் போதும்.

அப்புறம் எடை. 127 லிட்டர் பிடிக்கும், தண்ணீர் மட்டுமே 127 கிலோ. மணல், கல், கண்ணாடி சேர்த்தால் 200-ஐ நெருங்கும். படிக்கிற மேசையெல்லாம் தாங்காது, தொட்டிக்கென்று செய்த ஸ்டாண்டே வாங்கு.

மீன் விடுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பொறு. அந்த நல்ல பாக்டீரியா வளர்ந்து, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு நியான் டெட்ரா மாதிரி சின்னதாகப் பார்த்து விடு. நீளமாக ஓடுகிற மீனுக்கு இந்த வடிவத்தில் இடம் பத்தாது.

சுவரின் மூலையை ஒரு படம் எடுத்து அனுப்பு. சுவிட்ச் போர்டும் ஜன்னலும் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா